எஸ்எஸ்டி பழுதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கணினியின் தரவை நினைவகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்று வேலை செய்ய மறுத்ததும், "எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது, இனிப் புதியது வாங்க வேண்டியதுதான்" என்ற தீர்ப்பே கொழும்பில் பலருக்கும் முதலில் கிடைக்கிறது. வீடுகளிலிருந்தும் சிறிய அலுவலகங்களிலிருந்தும் என் கைக்கு வருபவற்றை வைத்துச் சொல்வதானால், உண்மையிலேயே எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி மிக அரிது. எழுதிக்கொண்டிருந்த வேளையில் போன மின்சாரம், சரியாகப் பொருந்தாத அல்லது களிம்பேறிய இணைப்பு, எஸ்எஸ்டியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபேர்ம்வெயாரில் இருந்து, உற்பத்தியாளரே பின்னர் திருத்திக் கொடுத்த பிழை, வாங்கும்போதே தவறிய தெரிவு ஆகியவற்றில் ஏதோ ஒன்றில்தான் பழுதின் வேர் பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே இந்த வழிமுறை வெளியிலிருந்து உள்ளே போகிறது: முதலில் இணைப்பு, பிறகு மின்சாரமும் அமைப்புகளும், அதன்பின் ஃபேர்ம்வெயார், கடைசியாகத்தான் நினைவகச் சில்லு.

டொரொண்டோ பல்கலைக்கழகமும் கூகுள் நிறுவனமும் இணைந்து 2016இல் வெளியிட்ட தரவுமைய ஆய்வு ஒன்றை இங்கு நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான்காண்டுக் காலத்தில் மாற்ற வேண்டிவந்த எஸ்எஸ்டிகள் மாடலைப் பொறுத்து 4 முதல் 10 சதவீதம் வரைதான். ஆனால் அதே காலத்தில் 20 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் திருத்த முடியாத பிழை ஒன்றாவது தோன்றியிருந்தது. எழுதிய அளவு ஒருபுறமிருக்க, வயதும் தனியே பிழை வீதத்தைப் பாதித்தது. எஸ்எஸ்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருக்கும் ஒரு கோப்பு வாசிக்க முடியாமற் போகலாம் என்பதே இதன் பொருள்.

எதையும் தொடுவதற்கு முன்

எஸ்எஸ்டி இன்னும் வாசிக்கப்படுகிறது என்றால், முதல் வேலை நகலெடுப்பதுதான். விண்டோஸ் தானாகவே கேட்கும் வட்டுச் சோதனையை ஓடவிடுவது, ஃபோர்மட் செய்வது, ஃபேர்ம்வெயாரைப் புதுப்பிப்பது ஆகிய மூன்றையும் நகல் முடியும்வரை தள்ளி வையுங்கள். இவை மூன்றும் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்டியில் எழுதுகின்றன. திரும்பப் பெற முடியாதவற்றை முதலில் எடுங்கள்: கடைக் கணக்கு, காணி உறுதியின் ஸ்கேன், பிள்ளையின் ஆய்வேடு, குடும்பப் படங்கள். படங்களையும் ஆவணங்களையும் இழந்தவர்களைத்தான் நான் கலங்கக் கண்டிருக்கிறேன். விண்டோஸையும் விளையாட்டுகளையும் ஓர் அந்தியில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்கும்போது இடையில் நின்றுவிடுகிறது என்றால், லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு எஸ்எஸ்டியையும் வேறொரு வட்டில் படிமமாக எடுப்பது மேல். அது வாசிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிடிவாதம் பிடிக்கும் பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வரும்.

இன்னொன்று: மடிக்கணினியில் விண்டோஸின் பிட்லொக்கர் குறியாக்கம் (சாவியின்றி வாசிக்க முடியாதபடி தரவைப் பூட்டும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால், உங்களைக் கேட்காமலே குறியாக்கம் தொடங்கிவிடக்கூடும். 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும்போது அந்தச் சாவி இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது; எனவே கழற்றுமுன் அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

ஆரோக்கிய அறிக்கையை வாசிப்பது

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி போதும். அதில் மேலே தெரியும் "நல்லது" என்ற நீலப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழேயுள்ள வரிகளில்தான் செய்தி இருக்கிறது. மூல மதிப்புகள் இயல்பாகப் பதினாறடி எண்களாகக் காட்டப்படும் என்பதால், அமைப்பில் பத்தடி எண்ணுக்கு மாற்றிய பிறகே வாசிக்க வேண்டும். இல்லையேல் 10 என்று தெரிவது உண்மையில் 16 ஆக இருக்கும்.

சாட்டா (பழைய, வேகம் குறைந்த இணைப்பு முறை) வகையில் 05 என்ற வரி மாற்றியமைக்கப்பட்ட பழுதுப் பகுதிகளைக் காட்டும். அது சிறிய எண்ணில் நிலையாக நின்றால் கவலை குறைவு. வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த எஸ்எஸ்டியை நம்பக் கூடாது. சி7 என்ற வரி வேறு கதை: தரவு கேபிள் வழியே போகும்போது ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை அது. அந்த எண் ஒருபோதும் இறங்காது. கேபிளை மாற்றிய பின் அது மேலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. சி7 ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு எஸ்எஸ்டியையே தூக்கி எறிபவர்கள் உண்டு. சில நூறு ரூபாய்க் கேபிளுக்காக ஒரு நல்ல எஸ்எஸ்டி போய்விடுகிறது.

என்விஎம்இ (புதிய, வேகமான இணைப்பு முறை) வகையில் நான்கு வரிகள் முக்கியமானவை. "கிரிட்டிக்கல் வோர்னிங்" சுழியமாக இருக்க வேண்டும். "அவெய்லபிள் ஸ்பெயார்" உபரி நினைவகத்தின் சதவீதம். அது பக்கத்து வரியில் காட்டப்படும் எல்லையை நெருங்கினால் காலம் முடிகிறது. "பெர்சன்டேஜ் யூஸ்ட்" உற்பத்தியாளர் மதிப்பிட்ட ஆயுளில் எவ்வளவு செலவாயிற்று என்பது. அது 100ஐத் தாண்டியும் எண்ணக்கூடியது, தாண்டியவுடன் எஸ்எஸ்டி நின்றுவிடும் என்று பொருளல்ல. "அன்சேஃப் ஷட்டவுன்ஸ்" முறைப்படி அணைக்காமல் மின்சாரம் போன தடவைகள். கொழும்பில் பாவித்த கணினிகளில் இந்தக் கடைசி எண்ணைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

பயோஸிலேயே தெரியவில்லை

பயோஸ் என்பது விண்டோஸ் ஏறுமுன் திறக்கக்கூடிய கணினியின் அமைப்புத் திரை. அங்கேயே எஸ்எஸ்டி தெரியாவிட்டால், கணினியை அணைத்து, செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். மடிக்கணினியானால் உள்ளேயுள்ள பற்றரி இணைப்பையும் கழற்றுங்கள். எம்.2 எஸ்எஸ்டியின் (மதர்போர்டில் நேரே செருகும் மெல்லிய பட்டை) திருகாணியை எடுத்ததும் அது தானாகச் சற்று மேலெழும். அந்தச் சாய்விலேயே வெளியே இழுத்து, பொன்முலாம் பூசிய பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிசை போன்ற கடலோரப் பகுதிகளில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே குளிரூட்டி இல்லாத அறையில் நின்ற கணினிகளில், பற்களின் நுனியில் மங்கிய படலம் ஒன்றைக் காணலாம். ஐசோபுரோப்பைல் அல்கஹோலைப் பஞ்சு நுனியில் நனைத்துப் பற்களின் நீளவாக்கில் துடைத்து, முழுதாக உலரவிட்டு, மீண்டும் சாய்வாகச் செருகி, தட்டையாக அமுக்கித் திருகாணியை இடுங்கள். பென்சில் அழிப்பானால் தேய்க்கும் பழக்கம் இங்கு பரவலாக உண்டு. மெல்லிய பொன்முலாம் அதில் போய்விடும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

சாட்டா எஸ்எஸ்டியானால் தரவுக் கேபிளையும் மின் கேபிளையும் தனித்தனியே மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டிலும் போட்டுப் பாருங்கள். புதிய எம்.2 ஒன்றைப் பொருத்திய மறுகணம் பழைய சாட்டா வட்டு காணாமற் போனால் இரண்டும் பழுதில்லை: பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பும்போது குறிப்பிட்ட ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். எவை என்பது கையேட்டில் இருக்கும். அதேபோல, எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். சில பழைய மடிக்கணினிகளின் எம்.2 இடம் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும், அங்கே என்விஎம்இ எஸ்எஸ்டி பொருந்தினாலும் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லை, அதுவும் மின்வெட்டு ஒன்றுக்குப் பின்னர்தான் காணாமற் போனது என்றால், குரூஷியல் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குப் பரிந்துரைக்கும் மின்சுழற்சி முறையை முயன்று பாருங்கள். சாட்டா எஸ்எஸ்டியின் தரவுக் கேபிளைக் கழற்றி, மின் கேபிளை மட்டும் மாட்டி, கணினியைப் போட்டு 20 நிமிடம் எதுவும் செய்யாமல் விடுங்கள். அணைத்து 30 வினாடி காத்திருந்து, அதையே இன்னொரு தடவை செய்யுங்கள். தரவுக் கேட்பு எதுவும் இல்லாத அந்த நேரத்தில் எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு தன் அட்டவணைகளை மீளக் கட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. மடிக்கணினியில் பயோஸ் திரையைத் திறந்து வைத்துவிட்டு அதே நேரம் காத்திருக்கலாம்.

தெரிகிறது, ஆனால் பெயரோ கொள்ளளவோ தவறு

480 ஜிபி எஸ்எஸ்டி தன் வணிகப் பெயரை விட்டுவிட்டு "சாட்டாஃபேர்ம் எஸ்11" என்று பயோஸில் தோன்றும் காட்சி, மலிவு விலை சாட்டா எஸ்எஸ்டிகளைப் பழுதுபார்ப்பவர்களுக்கு நன்கு பழகியது. ஃபைசன் நிறுவனத்தின் எஸ்11 கட்டுப்பாட்டுச் சில்லு நினைவகத்திலிருந்து தன் ஃபேர்ம்வெயாரை ஏற்ற முடியாமல், தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டது என்பதே அந்தப் பெயரின் பொருள். 2011இல் இன்டெல் 320 வகையில் இதற்கு இணையான ஒன்று நடந்தது: மின்சாரம் திடீரென்று போய் வந்தபின் சில எஸ்எஸ்டிகள் தம் கொள்ளளவை வெறும் 8 எம்பி என்று காட்டின, அதே ஆண்டு ஓகஸ்டில் இன்டெல் திருத்திய ஃபேர்ம்வெயாரை வெளியிட்டது.

காரணம் இதுதான். விண்டோஸ் கேட்கும் முகவரிக்கும் தரவு உண்மையில் கிடக்கும் இடத்துக்கும் இடையே ஓர் அட்டவணை இருக்கிறது. எஸ்எஸ்டி ஒரே இடத்தில் மேலெழுதுவதில்லை. ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் எழுதிவிட்டு அட்டவணையைத் திருத்துகிறது. அந்தத் திருத்தம் பாதியில் நிற்கும்போது மின்சாரம் போனால், தரவு அப்படியே இருக்க, அதற்குப் போகும் வழி தொலைந்துவிடும். தரவுமைய எஸ்எஸ்டிகளில் கொள்ளளவிகளின் வரிசை ஒன்றை வைத்து, கடைசி எழுத்தை முடிக்கப் போதுமான மின்னூட்டத்தைச் சேமிக்கிறார்கள். நாம் வாங்கும் சாதாரண எஸ்எஸ்டிகளில் அது அநேகமாக இருப்பதில்லை.

இந்த நிலைக்கு இணையத்தில் கிடைக்கும் "உயிர்ப்பிக்கும்" கருவிகள் எஸ்எஸ்டியை மீண்டும் பாவிக்க உதவும், ஆனால் அட்டவணையைப் புதிதாக உருவாக்குவதால் பழைய தரவு முழுவதும் போய்விடும். தரவு வேண்டுமென்றால் எதையும் ஓட்டாமல் தரவு மீட்பு நிலையத்திடம் கொடுங்கள். வேண்டாமென்றால் நேரே உத்தரவாதத்துக்குக் கொண்டுபோங்கள்.

பயோஸில் தெரிகிறது, விண்டோஸ் நிறுவும்போது தெரியவில்லை

இது பழுதே அல்ல. இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலியும் அதற்குப் பிந்தியதும் உள்ள பல மடிக்கணினிகளில், எஸ்எஸ்டியை இன்டெல்லின் தனி டிரைவர் வழியே நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறது. விண்டோஸ் நிறுவிக்கு அதன் டிரைவர் தெரியாது. கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரெப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் விரித்து வைத்து, "டிரைவரை ஏற்று" என்ற பொத்தானால் காட்டுங்கள். விஎம்டியை பயோஸில் அணைப்பதும் வழிதான், ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் அதைச் செய்தால் அடுத்த தடவை தொடங்கும்போது நீலத்திரை வரும்.

அடிக்கடி உறைந்து நிற்கிறது, அல்லது காணாமற்போய் மீண்டும் வருகிறது

விண்டோஸின் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 129, 153 என்ற எண்களைத் தேடுங்கள். முன்னது விண்டோஸ் காத்திருந்து அலுத்து எஸ்எஸ்டியை மீட்டமைத்ததைக் குறிக்கும். பின்னது ஒரு வாசிப்பையோ எழுத்தையோ மறுபடி முயன்றதைக் குறிக்கும். இவை சி7 வரியின் ஏற்றத்தோடு சேர்ந்து வந்தால் கேபிளை மாற்றுங்கள். கணினியைச் சும்மா விட்டிருக்கும்போது மட்டும் வந்தால் மின்சிக்கனம்தான் சந்தேகத்துக்குரியது: மின் திட்டத்தின் மேம்பட்ட அமைப்பில் "லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்" என்பதை அணைத்து ஒரு வாரம் பாருங்கள்.

எதற்கும் கட்டுப்படாமல் ஒழுங்கான இடைவெளியில் நிகழும் உறைவுக்குப் பின்னால் ஃபேர்ம்வெயார் இருக்கக்கூடும். இவ்வகையில் பழைய பாடம் குரூஷியல் எம்4: மின்னூட்டத்தில் இருந்த நேரம் 5,184 மணித்தியாலத்தைத் தாண்டியதும் அது ஏறத்தாழ மணிக்கொரு தடவை பதிலளிக்காமல் நின்றது, 2012 ஜனவரியில் வந்த 0309 பதிப்பு அதைத் தீர்த்தது. எச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கை இன்னும் கடுமையானது: சேவர்களுக்கான சில சாஸ் வகை எஸ்எஸ்டிகள் 32,768 மணித்தியாலம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணித்தியாலத்தில், தரவோடு சேர்ந்து முற்றாகச் செயலிழக்கும் என்றது. 16 இருமங்களில் (பிட்களில்), கூட்டல் கழித்தல் குறியோடு, எண்ணக்கூடிய பேரெண் 32,767. அதற்கு மேல் எண்ணத் தெரியாத ஒரு மணிக்கணக்கி முழு எஸ்எஸ்டியையும் கொன்றது. 2020 மார்ச்சில் 40,000 மணித்தியாலத்துக்கு இன்னோர் எச்சரிக்கை வந்தது. வெளிநாட்டுத் தரவுமையங்களில் கழித்த சேவர்களும் அவற்றின் எஸ்எஸ்டிகளும் கொழும்பில் இரண்டாங்கையாக விலைபோகின்றன. அப்படி வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கணக்கையும் ஃபேர்ம்வெயார் பதிப்பையும்தான்.

அண்மைய உதாரணம் 2024 ஒக்டோபரில் நடந்தது. தனி டிராம் (வேகமான தற்காலிக நினைவகம்) இல்லாத எஸ்எஸ்டிகள் கணினியின் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியைக் கடனாகப் பெறுகின்றன. வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 ஆகியவற்றின் 2 டிபி மாடல்கள் 200 எம்பி கேட்டன. முந்திய விண்டோஸ் பதிப்புகள் 64 எம்பியோடு நிறுத்திக்கொண்டன. 24எச்2 கேட்டதை அப்படியே கொடுத்தது, நீலத்திரை வந்தது. புதிய ஃபேர்ம்வெயார் ஒன்றால் தீர்ந்த இந்தப் பிழைக்காக எஸ்எஸ்டியை மாற்றியவர்களும் இருந்திருப்பார்கள்.

வேகம் குறைந்துவிட்டது

பெரிய கோப்பை நகலெடுக்கும்போது முதல் சில பத்து ஜிபி பறந்துவிட்டு, அதன்பின் பழைய வன்தட்டை விட மெதுவாகிறது என்றால், அது எஸ்எல்சி இடைத்தேக்கம் (வரும் தரவை வேகமாக வாங்கி வைக்கும் சிறு பகுதி) நிரம்பியதன் விளைவு. குறிப்பாகக் கியூஎல்சி நினைவகம் (ஒரு கலத்தில் நான்கு பிட் அடைக்கும் வகை) உள்ள மலிவு எஸ்எஸ்டிகளில் வேகம் நொடிக்கு 100 எம்பிக்குக் கீழும் இறங்கும். அது அதன் இயல்பு. பழுதென்று உத்தரவாதத்தில் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். வட்டில் 10 முதல் 20 சதவீத இடத்தை வெறுமையாக வைத்தால் இந்தத் தேக்கத்துக்கு இடம் கிடைக்கும்.

எப்போதும் மெதுவாகவே இருந்தால் வெப்பநிலையைப் பாருங்கள். மின்விசிறியின் கீழேயே அறை 30 பாகை காட்டும் ஏப்ரல் மாதத்தில், மெல்லிய மடிக்கணினிக்குள் உள்ள என்விஎம்இ எஸ்எஸ்டி தன் எல்லையைத் தொட்டு வேகத்தைத் தானே குறைப்பது வியப்பல்ல. வாங்கும்போது பெட்டியில் வந்த வெப்பத் தகட்டின் ஒட்டுப் பாதுகாப்புத் தாளை உரிக்காமலே பொருத்தியிருப்பதையும் அடிக்கடி காண்கிறேன்.

பழைய கோப்புகளை வாசிப்பது மட்டும் மெதுவானால் சாம்சங் 840 ஈவோவின் கதை நினைவுக்கு வரவேண்டும். நெடுநாள் தொடாத தரவில் மின்னேற்றம் மெல்லக் கசிந்ததால் வாசிப்பு வேகம் விழுந்தது. 2014 ஒக்டோபரில் வந்த முதல் திருத்தம் நிலைக்கவில்லை, 2015இல் வந்த இரண்டாவது, பழைய தரவை எஸ்எஸ்டி தானே அவ்வப்போது மீள எழுதச் செய்தது.

வாசிக்கலாம், எழுத முடியாது

இது எச்சரிக்கையின் கடைசிப் படி. சில மாடல்கள் இந்த நிலையில் கணினியை ஒருதடவை அணைத்தாலே மீண்டும் எழுவதில்லை என்பதால், அணைக்காமல் அப்படியே வெளிவட்டுக்கு நகலெடுங்கள். உபரி நினைவகம் தீர்ந்து வந்த நிலையானால் எஸ்எஸ்டியின் ஆயுள் முடிந்தது. ஆனால் சாம்சங் 980 புரோவின் 2 டிபி மாடல்கள் சில, 3பி எனத் தொடங்கும் ஃபேர்ம்வெயாரில் ஓடும்போது அகாலமாகவே இந்த நிலைக்குப் போயின; 5பி எனத் தொடங்கும் பதிப்பு வருமுன் காத்தது, வந்தபின் குணப்படுத்தவில்லை. நல்ல நிலையில் இருக்கும்போதே ஃபேர்ம்வெயார் அறிவிப்புகளைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அலுமாரியில் வைத்தது, எடுத்தபோது வாசிக்கவில்லை

பிள்ளைகள் வெளிநாடு போகும்போது படங்களையெல்லாம் எஸ்எஸ்டியில் ஏற்றி அலுமாரியில் பூட்டிவிட்டுப் போவது இங்கு வழக்கமாகிவிட்டது. சில்லுத் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலைப்படி, சாதாரணப் பாவனைக்கான எஸ்எஸ்டி, தன் எழுத்து ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். தரவுமைய வகைக்கு 40 பாகையில் மூன்று மாதம் போதும். புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் காக்கும்தான். ஆனால் 30 பாகை என்பது குளிர்நாட்டவருக்கு வெப்பமான நாள். கொழும்பில் மூடிய அறையின் அன்றாட நிலையே அதுதான். வெப்பம் ஏற ஏறக் காக்கும் காலம் குறையும். ஆகவே இத்தகைய எஸ்எஸ்டியை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது மாட்டி, கோப்புகளை முழுதாக வாசித்துப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். ஒரே பிரதியை மட்டும் வைப்பதானால் சாதாரண வன்தட்டில் வையுங்கள்.

மின்சாரத்தைச் சீராக்காமல் இவற்றில் எதுவும் நிலைக்காது

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் விளக்கமளித்த நாளில் நாடு முழுவதும் இருண்டது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் அலுவலகங்கள் தப்பின. எனினும் எஸ்எஸ்டிக்கு நாடளாவிய இருளும் ஒரு வினாடி மினுக்கமும் ஒன்றுதான். மின்பிறப்பாக்கி உள்ள அடுக்குமாடிகளில் குடியிருப்போர் தமக்குக் கவலையில்லை என்று எண்ணுகிறார்கள்; மின்சாரம் போய் மின்பிறப்பாக்கி எழும் அந்தச் சில வினாடிகளில் மேசைக் கணினி அணைந்துதான் போகிறது. சிறிய யூபிஎஸ் ஒன்று அந்த இடைவெளியைக் கடக்கப் போதும். அதன் பற்றரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளரும்; மாதமொருமுறை யூபிஎஸ்ஸின் செருகியைக் கழற்றி, கணினி நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். முதலில் வேலையைச் சேமித்துவிட்டு அந்தச் சோதனையைச் செய்வதே முறை.

ஃபேர்ம்வெயாரைப் புதுப்பிக்கும் ஒழுங்கு

நகல் எடுத்தாயிற்று என்பதை உறுதிசெய்யுங்கள். பிட்லொக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்துங்கள். மடிக்கணினியின் பற்றரி பாதிக்கு மேல் இருக்க, சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். மேசைக் கணினி யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். எஸ்எஸ்டி கணினிக்குள் நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், யூஎஸ்பி உறைக்குள் இருந்தால் பெரும்பாலான கருவிகள் மறுத்துவிடும். பிறகு உற்பத்தியாளரின் சொந்தக் கருவியை மட்டும் பாவியுங்கள்: சாம்சங் மெஜிஷியன், குரூஷியல் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ், கிங்ஸ்டன் எஸ்எஸ்டி மேனேஜர் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. கருவி எஸ்எஸ்டியையே காணவில்லை என்றால் விஎம்டி மறைக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியோடு வந்த எஸ்எஸ்டிக்கு, மேலே சாம்சங் என்று ஒட்டியிருந்தாலும், ஃபேர்ம்வெயார் டெல், லெனோவோ, எச்பி போன்ற கணினித் தயாரிப்பாளரிடமிருந்தே வரும். சில்லறை மாடலுக்கான கோப்பை அதில் திணிக்க முயலாதீர்கள்.

முடிந்ததும் மறுதொடக்கம் மட்டும் போதாது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால்தான் விண்டோஸ் முழுதாக அணையும். அரை நிமிடம் விட்டுப் போட்டு, பதிப்பு எண் மாறியதா என்று பாருங்கள்.

புதியது வாங்கும்போது

பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள வேகத்தைக் கடைசியில் பாருங்கள். சாட்டாவின் நொடிக்கு 550 எம்பிக்கும் என்விஎம்இயின் 3,500 எம்பிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கு மென்பொருளும் உலாவியும் பாவிப்பவர் உணரப்போவதில்லை. எழுதக்கூடிய மொத்த அளவை டிபியில் சொல்லும் டிபிடபிள்யூ எண்ணும் அச்சுறுத்த வேண்டியதில்லை: கிங்ஸ்டன் ஏ400இன் 480 ஜிபி மாடலுக்கு 160 டிபி என்று எழுதியிருக்கிறது, நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதும் அலுவலகக் கணினிக்கு அதுவே கிட்டத்தட்ட 22 ஆண்டுகள். உத்தரவாதக் காலம் மூன்றா ஐந்தா, நினைவகம் டிஎல்சியா (கலத்துக்கு மூன்று பிட்) கியூஎல்சியா, தனி டிராம் உண்டா என்பவையே பயனுள்ள கேள்விகள். அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு: ஒரே பெயரில் உள்ளுறுப்பு மாறும். குரூஷியல் பி2 டிஎல்சியில் வெளிவந்து பாராட்டுப் பெற்றபின் 2021இல் கியூஎல்சிக்கு மாறியது, பெயர் மாறவில்லை. பழைய மதிப்புரையை நம்பி இன்றைய பெட்டியை வாங்காதீர்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் புறக்கோட்டையில் வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கடையிலேயே நின்று வாசியுங்கள். தொடர் இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓராண்டு என்பதை 350 நாட்களாகக் கொள்ளும் பற்றுச்சீட்டுகள் இங்கு உண்டு. எரிந்த தடம், கீறல், துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரியும் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். கடலோரத்தில் வசிப்பவருக்கு அந்தத் துரு என்ற சொல் வெறும் அலங்காரமல்ல. உற்பத்தியாளரின் உள்ளூர் முகவர் வழியாக வந்ததா, பயணப்பெட்டியில் வந்ததா என்றும் கேளுங்கள். பின்னது விலை குறைவாக இருக்கும், மாற்றித் தருவது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது. எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தை மறுப்பவர்கள் மீது நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம். அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி வெளி எஸ்எஸ்டி என்று இணையத்தில் விற்கப்படுபவை போலி. உள்ளே சிறிய நினைவக அட்டை ஒன்றே இருக்கும், கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும், நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேல் எழுதும். வாங்கிவிட்டவர் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பார்த்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் முடிவெடுக்க வேண்டும்.

உத்தரவாதத்துக்குக் கொடுக்கும் எஸ்எஸ்டி உயிரோடிருந்தால், உற்பத்தியாளரின் கருவியிலுள்ள பாதுகாப்பான அழிப்பை ஓட்டிய பிறகே கொடுங்கள். உயிரில்லாததை அழிக்க முடியாது, திருப்பியும் தரமாட்டார்கள். எனவே வாடிக்கையாளர் விபரங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் இருக்கும் கணினியில், புதிய எஸ்எஸ்டியைப் பொருத்தும் அன்றே குறியாக்கத்தைப் போட்டு, மீட்புச் சாவியின் தாளைப் பற்றுச்சீட்டோடு ஒரே கோப்புறையில் வைத்துவிடுங்கள்.